தாமான் வீட்டில் சிக்கனமும் பசுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்து ரப்பர் தோட்டங்கள் எண்ணெய் தரும் செம்பனையாகவும் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் கோழியும் கொல்லையில் முருங்கையும் வைத்திருந்த குடும்பங்களுக்கு இப்போது வீட்டின் முன்னும் பின்னும் கொஞ்சம் சிமெண்டுத் தரைதான் மிச்சம். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் இரவுச் சந்தையிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்களில் என் பிடிவாதமும் கலந்திருக்கும்.

அக்கா, இந்தப் பசுமை வாழ்க்கை எல்லாம் காசுள்ளவர்கள் செய்கிற வேலைதானே?

கடையில் விற்கிற பசுமை வாழ்க்கை அப்படித்தான். மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், தேன்மெழுகு தடவிய துணி என்று ஒரு வரிசையே அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் நன்றாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களை எறிந்துவிட்டுக் கண்ணாடி ஜாடி வாங்கி அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஐஸ்கிரீம் டப்பாவில் நெத்திலியும் மைலோ டின்னில் சீனியும் வைத்திருக்கும் வீடு ஏற்கெனவே சரியாகத்தான் நடக்கிறது. அது உடையும்வரை அதையே பயன்படுத்துங்கள்.

என் அளவுகோல் ஒன்றுதான். மாதக் கடைசியில் செலவு குறைந்ததா? குறையவில்லை என்றால் நீங்கள் உதவி செய்தது கடைக்காரருக்கு.

லயத்து வாழ்க்கையே பசுமை வாழ்க்கைதான் என்று என் அம்மா அடிக்கடி சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. உரச் சாக்கைக் கழுவி உலர்த்தித் தரைவிரிப்பாக்கினார்கள். பால் டின்னுக்குக் கம்பியால் பிடி வைத்துக் குவளையாக்கினார்கள். தீபாவளிக்கு எடுத்த சட்டை அண்ணனிடமிருந்து தம்பிக்கு இறங்கி, பிறகு கரித்துணியாகித்தான் ஓய்ந்தது. பொதுக் குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் என்பதால் ஒரு வாளியையும் யாரும் வீணாக்கவில்லை. அந்தக் கைப்பழக்கம் இன்றைக்கும் பொன்தான்.

ஆனால், அம்மாவிடம் மறுபாதியையும் கேளுங்கள். புல் மருந்து வந்த கேனைக் கழுவிக் குடிதண்ணீர் பிடித்தார்களா? லயத்துக்குப் பின்னால் குப்பையைக் கொட்டிக் கொளுத்தினார்களா? மருந்து தெளித்த அதே சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கினார்களா? பல தோட்டங்களில் இது நடந்தது. குறை நம் அம்மாக்களுடையது அன்று. அவர்களுக்குக் கையுறையும் கொடுக்கவில்லை, விவரமும் சொல்லவில்லை. தெளிப்பு வேலையில் பெரும்பாலும் பெண்களையே விட்டார்கள். ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களுக்காக நீண்ட காலம் குரல் கொடுத்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2002இல் தடை செய்வதாக அறிவித்து, 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாக நிறுத்தியது.

இன்னும் சில வீடுகளின் பின்புறத்தில் பழைய மருந்துக் கேன் தண்ணீர் வாளியாக நிற்கிறது. செடிக்கு ஊற்றத்தானே என்பார்கள். அந்தச் செடியில் கீரையைப் பறித்துச் சாப்பிடப்போவதும் நாம்தான். மருந்துக் கேனை எதற்கும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. சிக்கனம் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்.

குப்பையைப் பிரித்துப் போடச் சட்டம் இருக்கிறதாமே?

கெடாவில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம், அதாவது 672ஆம் சட்டம், எல்லா மாநிலங்களிலும் நடப்பில் இல்லை. கெடா, பெர்லிஸ், பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் ஆகிய மாநிலங்களும் கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் அதன்கீழ் வருகின்றன. அங்கெல்லாம் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே பிரிப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் மற்ற குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள் என்பது ஏற்பாடு. பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருக்கும் உங்கள் தங்கை வீட்டில் வேறு நடைமுறை என்பதால் அவரோடு வாதாட வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே லாரியில்தானே போட்டு நசுக்குகிறார்கள்? நான் ஏன் பிரிக்க வேண்டும்?

மறுசுழற்சி நாள் எது என்று தெரியாமல் மற்ற நாளில் வைத்தால் அது கலந்துதான் போகும். உங்கள் வரிசைக்கு எந்த நாள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளிலும் கலக்கிறார்கள் என்றால், படம் எடுத்துப் புகார் கொடுங்கள்.

அதுவரை லாரியை நம்பாமல் ஒரு வழி இருக்கிறது. ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் வண்டிக்காரர், மளிகைக்கடைக்காரர் எடைக்கல்லைப் பார்ப்பதுபோல் உங்கள் குப்பையைப் பார்க்கிறவர். காசு கொடுத்து வாங்கிய பொருளை அவர் கலக்க மாட்டார். அட்டைப் பெட்டிக்குச் சில்லறைதான் கிடைக்கும். அலுமினிய டின்னுக்கு அதைவிடப் பல மடங்கு விலை. செம்புக் கம்பி கிடைத்தால் அவர் முகமே மலரும். டின்னை நசுக்கிச் சாக்கில் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுங்கள். நாசி லெமாக் சோறு மடித்த எண்ணெய் ஊறிய காகிதத்தை மட்டும் பேப்பர்க் கட்டுக்குள் திணிக்காதீர்கள். அழுக்குக் காகிதம் நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும்.

சமையல் கழிவை உரமாக்கப் பார்த்தேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சண்டைக்கு வந்துவிட்டார். என்ன செய்வது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். அரசு 2012இல் எடுத்த ஆய்வில் நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவுதான் என்று தெரிந்தது. அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டால் வாசல் தொட்டியில் நாய் இழுக்கவும் ஈ மொய்க்கவும் ஒன்றும் இருக்காது.

நாறுவதற்குக் காரணம் ஈரம். நம் ஊர் வெயிலில் எதுவும் வேகமாக மக்கும். ஆனால் காற்று போகாமல் தண்ணீர் தேங்கினால் மக்குவதற்குப் பதில் அழுகிவிடும். பழைய பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்து நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். அடியில் இரண்டு விரற்கடை காய்ந்த இலை. அதன்மேல் ஒரு பங்கு காய்கறித் தோல் போட்டால் இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலை. மேலே மூடி. மழைச்சாரல் விழாத இடமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறுங்கள். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் இலை போடுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசம் வரும்.

காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வறட்சி, ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டித் தீர்க்கும். அப்போது உரச்சாக்கில் நிரப்பிக் கட்டி வைத்துக்கொண்டால் மழைக்காலத்துக்கு ஓடும். தேயிலைத்தூள், காப்பித்தூள், முட்டையோடு எல்லாம் போடலாம். சாப்பாட்டுக்கடை அண்ணனிடம் கேட்டால் வாளி நிறையத் தேயிலைத்தூள் கொடுப்பார், தூக்கிப்போடத்தானே போகிறார்.

நம் சமையலில் தொல்லை தருவது தேங்காய்ச் சக்கை. பால் பிழிந்த சக்கையில் எண்ணெய் மிச்சம் இருப்பதால் மொத்தமாகக் கொட்டினால் காறி நாறும். கைப்பிடி அளவில் பரப்பிப் போடுங்கள். மீன் செதில், இறால் தோடு, எலும்பு, குழம்பு மிச்சம் எதுவும் வாளிக்குள் வேண்டாம். மண் இருக்கிறவர்கள் இறால் தோட்டை ஒரு முழ ஆழத்தில் புதைக்கலாம். வாழைக்கு அதைப்போல ஊட்டம் வேறில்லை. கொழுத்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் அலறாதீர்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று தீர்ப்பதே அவற்றின் வேலை. வளர்ந்த ஈ வீட்டுச் சாப்பாட்டில் வந்து உட்காராது.

ஆன்ட்டிக்கு முதல் மூட்டை உரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பழத்தோல் என்சைம் எல்லா நோய்க்கும் நல்லதாமே?

ஒரு பங்கு பழுப்புச் சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் புளிக்கவிடுவது. இந்தக் கணக்கு ஊர் முழுக்கத் தெரியும். கிடைப்பது ஒருவகைக் காடிதான். தரை துடைக்கவும் கழிவறை கழுவவும் நன்றாக இருக்கிறது. நதியைச் சுத்தமாக்கும், நோயைத் தீர்க்கும் என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை, குடிக்கவே கூடாது. சர்க்கரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பதால் நான் இதை அதிகம் செய்வதும் இல்லை. செய்கிறவர்கள் கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடாதீர்கள். முதல் மாதம் வாயு கிளம்பும், புட்டி வெடிக்கும்.

காய்ந்த இலையைக் கொளுத்தினால் கொசு போகும் என்கிறார் தாத்தா. போகிக்கும் எரிக்கத்தானே செய்கிறோம்?

கொசு சிறிது நேரம் விலகும், புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் தங்கும். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். 2024இல் செய்த திருத்தத்தில் உச்ச அபராதத்தை 5 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். செம்பனை மறுநடவில் பழைய மரங்களை எரிக்காமல் வெட்டி மண்ணிலேயே மக்கவிடும் முறைக்குப் பெரிய தோட்டங்களே மாறிவிட்டன. தாமானில் நாம் ஒரு கூடை இலைக்குத் தீ வைக்க என்ன அவசியம்?

போகி வேறு. ஒரு பழைய பாய் நுனியையோ ஓலையையோ அடையாளத்துக்குக் கொளுத்திக் கும்பிட்டால் போதும். பிளாஸ்டிக் நாற்காலியையும் மெத்தையையும் டயரையும் எரிப்பதற்குச் சாமி பெயரை இழுக்க வேண்டாம்.

மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. எதை அடைத்தால் குறையும்?

கைப்பேசி மின்னூட்டியைப் பிடுங்குவதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. சூடு உண்டாக்குவதும் குளிர் உண்டாக்குவதும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன. ஒரு குதிரைசக்தி குளிர்சாதனம், இன்வெர்ட்டர் இல்லாத பழையது என்றால், இரவு எட்டு மணி நேரத்துக்கு 5, 6 யூனிட் இழுக்கும். அதே நேரத்துக்கு மேல்விசிறி அரை யூனிட்டை ஒட்டித்தான். குளிர்சாதனத்தை 24, 25 டிகிரியில் வைத்து, விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டு, இரண்டு மணி நேரத்தில் தானே அணையும்படி வையுங்கள். தூங்கிய பிறகு அறை குளிர்ந்தே இருக்கும்.

யாரும் கண்டுகொள்ளாதது குளியலறை வெந்நீர்ப் பெட்டி. 3.6 கிலோவாட் பெட்டியில் பத்து நிமிடக் குளியல் 0.6 யூனிட். நான்கு பேர் தினமும் ஒருமுறை குளித்தால் மாதம் 72 யூனிட். லயத்தில் தொட்டித் தண்ணீரை விடியற்காலையில் ஊற்றிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டப் போன பரம்பரைக்கு இந்த ஊர் வெயிலில் வெந்நீர் எதற்கு? வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் நான் சொல்லவில்லை.

சோற்றுப் பானையைக் காலையிலிருந்து இரவுவரை ‘சூடு’ நிலையில் விடாதீர்கள். குளிர்ப்பெட்டிக் கதவின் ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதுப்பெட்டி வாங்குகிறவர்கள் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் சிறந்தது.

தீபகற்பத்தில் 2025 ஜூலை 1 முதல் கட்டண முறையே மாறிவிட்டது. மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஊக்கத் தள்ளுபடி கிடைக்கிறது. எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ, யூனிட்டுக்கான தள்ளுபடி அவ்வளவு அதிகம். 600 யூனிட்டுக்கு மேல் போனால் 10 ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணமும் சேரும். எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகள் வெந்நீர்ப் பெட்டியை அணைத்தாலே அதற்குக் கீழே இறங்கிவிடலாம்.

கூரையில் சூரியத் தகடு போடலாமா?

மாதக் கட்டணம் 150 ரிங்கிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை. கடன் வாங்கிப் போட்டு, சேமிப்பைத் தவணைக்குக் கட்ட வேண்டாம். கொடியில் துணி காயப்போடுவதும் சூரிய சக்திதான்.

மழைநீர் பிடித்து வைத்தால் டெங்கி கொசு வரும் என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். மூடாமல் பிடித்தால் கண்டிப்பாக வரும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் வீட்டில் புழு கண்டால் 500 ரிங்கிட் அபராதம். இரண்டு வருடத் தண்ணீர்ச் சேமிப்பு ஒரே சீட்டில் போய்விடும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பின்புறம் இறக்கிய 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர், அதாவது ஒரு டிரம் நிறையத் தண்ணீர். நம் ஊர் மாலை மழை ஒன்றுக்கே அது நிறைந்துவிடும். டிரம்மின் வாயை மெல்லிய கொசுவலையால் மூடி, சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுகக் கட்டுங்கள். குழாயை வலையின் மேல்தான் விழவிட வேண்டும். வெகுநாள் கழித்துப் பெய்யும் மழையில் முதல் சில நிமிடத் தண்ணீரைப் போகவிடுங்கள், கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். அடியில் ஒரு திருகுக் குழாய் வைத்தால் மேலே திறக்கவே வேண்டியதில்லை. கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடுவதானால் 10 லிட்டருக்கு 1 கிராம், டிரம்முக்கு 20 கிராம். இந்தத் தண்ணீர் செடிக்கும் தரைக்கும் கழிவறைக்கும் மட்டும். ஜனவரி, பிப்ரவரியில் குழாயில் தண்ணீர் நூலாக வரும்போது டிரம்மின் அருமை தெரியும். ஆனால் அந்த மாதங்களில் மழையும் குறைவு. டிசம்பரிலேயே நிறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சட்டித் தட்டு, கோயில் குத்துவிளக்கு வைக்கும் தாம்பாளம், குளிர்ப்பெட்டியின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, இவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். டிரம்மைவிட இவற்றில்தான் புழு ஒளிந்திருக்கும்.

பலகாரம் சுட்ட எண்ணெயை என்ன செய்வது?

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கால்வாயில் உறைந்து அடைத்து, அடுத்த மழையில் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். ஆறவைத்து வடிகட்டி, பழைய எண்ணெய்ப் புட்டியிலேயே சேர்த்து வைத்து விற்றுவிடலாம். பயோடீசல் செய்ய இதை வாங்குகிறார்கள். மானியப் பாக்கெட் எண்ணெய் கிலோ 2 ரிங்கிட் 50 சென்தான். பழைய எண்ணெய்க்கு அதைவிட அதிகம் கொடுத்த காலமும் உண்டு. அதனால் சிலர் புது எண்ணெயையே பழையது என்று விற்ற கூத்தும் நடந்தது. தீபாவளிக்கு முறுக்கு சுடும் வீடுகள் நான்கைந்து சேர்ந்து கொடுத்தால் அலைச்சல் மிச்சம்.

குழந்தைக்குப் பேம்பர்ஸ் இல்லாமல் முடியுமா அக்கா? நானும் வேலைக்குப் போகிறேன்.

முழுவதும் இல்லாமல் முடியாது தங்கச்சி. தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் துணி துவை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பகலில் பாட்டியிடம் இருக்கும்போது பழைய கைலித் துணி, இரவுக்கும் வெளியூருக்கும் பேம்பர்ஸ். இப்படிப் பாதியாகக் குறைத்தாலே மாதச் செலவில் நன்றாகத் தெரியும். அதே 2012 ஆய்வில் குப்பையில் 12 விழுக்காடு இதுதான். பாட்டியின் கைக்கு வேலை கூடுகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். துவைப்பதை அப்பாவும் செய்யலாம்.

கோயில் அன்னதானத்தில் மலைபோல் குவியும் பிளாஸ்டிக்கை எப்படிக் குறைப்பது?

வாழையிலை போட்டால் தட்டுப் பிரச்சினை தீர்ந்தது. இலையை மாட்டுக்காரரோ உரக்குழியோ எடுத்துக்கொள்ளும். தண்ணீர்ப் பாட்டிலும் நெகிழிக் குவளையும்தான் குவிகின்றன. எங்கள் கோயிலில் எஃகுக் குவளைகளை மண்டபத்துக்கென்றே வாங்கி வைத்திருக்கிறோம். கழுவ ஆள் வேண்டும் என்பதுதான் உண்மையான தடை, குவளையின் விலை இல்லை. இளைஞர்களை முறைவைத்துக் கழுவச் சொல்லுங்கள். உபயகாரர்களிடம் முன்பே பேசி, பாட்டில் தண்ணீருக்குப் பதில் நீர்மோர் கொடுக்கச் சொல்லலாம். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் தூக்குச்சட்டி கொண்டு வரட்டும்.

கோலத்துக்குச் சாயம் ஏற்றிய அரிசியை மறுநாள் கோழிக்குப் போடாதீர்கள். நிறவாரியாக அள்ளி டப்பாவில் வைத்தால் அடுத்த தீபாவளிக்கும் ஆகும்.

வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். எலித்தொல்லை. விஷம் வைக்கலாமா?

வைக்காதீர்கள். செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிக்காகத் தோட்டங்களே கூகைப் பெட்டிகளை உயரமான கம்பங்களில் வைத்திருக்கின்றன. குஞ்சு வளர்க்கும் கூகைக் குடும்பம் ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்னும். புரோடிபகூம் போன்ற கடுமையான விஷத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும், அதைப் பிடிக்கிற கூகையும் பூனையும் சேர்ந்து சாகும். பிறகு எலி இன்னும் பெருகும். கூகையை அபசகுனம் என்று கல்லெறிகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

வீட்டுக்குள் வருவதற்கு எலிப்பொறி போதும், கருவாட்டுத் துண்டு அருமையான இரை. கொல்லையில் நாய்ச்சோற்றை இரவு முழுக்க வைக்காதீர்கள். கால்வாயைக் கிளறும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிரையே வாங்கும்.

சிமெண்டுத் தரையில் என்ன நடலாம்?

உரச்சாக்கை மடித்து முக்கால் பாகம் மண்ணும் உரமும் நிரப்பினால் அதுவே தொட்டி. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கத்தரி, பசலை, பண்டான் என்கிற ரம்பை, செராய் என்கிற எலுமிச்சைப் புல் இவை போதும். முதலில் கறிவேப்பிலை வையுங்கள், கடையில் ஒரு பிடி வாங்கி மிச்சத்தை வாடவிட்டு எறிவது நின்றுவிடும். கங்கோங் கீரைத் தண்டை வாங்கிச் சமைத்த பிறகு, வேர்ப்பக்கம் நான்கு விரல் நீளத்தை நட்டால் மறுபடி தழைக்கும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ரசாயனம் இல்லாத வீட்டுத் தோட்டத்தைப் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து வருகிறது. பட்டறை நடந்தால் போய்க் கேளுங்கள்.

முருங்கையைச் சாக்கில் வைக்கலாம், ஆனால் அடிக்கடி கவாத்து செய்ய வேண்டும். தாமான் வேலியோரத்தில் மண்ணில் நட விரும்பினால் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு நடுங்கள். நட்ட பிறகு வரிசையில் எல்லோரும் கீரை பறிப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.